வெற்றிலை வட்டாவும் விகாரச் சோதனைகளும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், விருந்தினர் ஒருவர் வந்து திண்ணையில் அமர்ந்தவுடன் அவர் முன் வைக்கப்படுவது வெற்றிலை வட்டா. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கும் அதிலே ஒழுங்காக இருக்கும். மணவீட்டிலும் பிணவீட்டிலும், கோயிற் சடங்கிலும் வயற் சடங்கிலும் வட்டாவுக்கு இடமுண்டு. வந்தவரை மதித்தோம் என்பதற்கு அதுவே சான்று. இத்துணைப் பழமையும் பெருமையும் வாய்ந்த ஒரு வழக்கத்தைப் பற்றி விஞ்ஞானம் கடுமையான ஒரு முடிவைக் கூறுமாயின், அம்முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்டறிவது நமது கடமையாகும்.

இக்கேள்வி எனக்குத் தொலைவிலிருந்து வந்ததன்று. என் தாயார் இளமை முதலே வெற்றிலை போட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு உறைப்பு உண்ண முடியாமற் போயிற்று. பின்னர் வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறவாதாயிற்று. வாய்ச்சவ்வின் கீழ் நார்த்திசு தடித்து இறுகும் நோய் இது. பாக்கு மெல்லுதலால் வருவது. இதில் ஒரு பகுதி புற்றாக மாறவுங் கூடும் என்று வைத்தியர் விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் தாயார், “மனே, எல்லாத்தையும் விட்டாலும் இத மட்டும் விட ஏலா” என்றார். மறுவாரம் வகுப்பிலே இதுபற்றிப் பேச்சு வந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், எங்கட அப்பப்பா எழுபது வருசமா வெத்தில போட்டவர். எண்பத்தெட்டு வயசில வயல்ல நிண்டவர். அப்ப பாக்குத்தான் காரணம் எண்டு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நான் விஞ்ஞானப் பட்டதாரியல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். எனினும், அறிவியலைத் தமிழிற் கூற இயலும், கூறவும் வேண்டும் என்று கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்த அடிகளார் பிறந்த மண்ணிலே வாழ்பவன் என்னும் துணிவு பற்றி இதனை எழுதலானேன். குற்றங் களைந்து குணங்கொள்ளுமாறு விஞ்ஞான ஆசிரியர்களை வேண்டுகின்றேன்.

எழுத்தும் பிழையும்

உடம்பின் ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் நிறமூர்த்தங்கள் உள்ளன. மனிதருக்கு அவை 46. அவற்றின் சாரமான பொருள் டி. என். ஏ. எனப்படும் நீண்ட இழை. அவ்விழை நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட ஒரு நூல் போன்றது. தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக நாம் பெறும் அந்நூலின் ஒரு படியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. கலம் அவற்றை மும்மூன்றாகக் கூட்டி வாசித்துப் புரதங்களை ஆக்குகின்றது.

“மரம் பழம் தரும்” என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்தாலானது. முதற் சொல்லில் ‘ர’ இருந்த இடத்தில் ‘ண’ வந்தால் “மணம் பழம் தரும்” என்றாகும். ஒரு சொல்லின் பொருளே மாறிற்று. அந்த ‘ர’ முற்றாக விடுபட்டு, எஞ்சியவற்றை மீண்டும் மும்மூன்றாக வாசித்தாலோ “மம்ப ழம்த ரும்” என்றாகி வாக்கியம் முழுவதும் குலையும். முன்னையது மாற்றீட்டுப் பிழை. பின்னையது சட்டம் பெயர்ந்த பிழை. இவ்வாறு டி. என். ஏ. யில் நிலைத்துவிடும் எழுத்துப் பிழையே விகாரம் எனப்படும். பெரும்பாலான பிழைகளைக் கலம் தானே திருத்திவிடுகின்றது. திருத்தப்படாத பிழைகள், கலப்பிரிவைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகளிற் பல ஆண்டுகளாகச் சேருமாயின், அக்கலம் கட்டின்றிப் பெருகத் தொடங்கும். அதுவே புற்று.

சோதனைகளின் தோற்றம்

வெளியிலிருந்து வரும் ஏது ஒன்று விகாரத்தை உண்டாக்கும் என்பதை 1927 இல் ஏர்மன் மல்லர் பழ ஈக்களில் எக்சுக்கதிரைச் செலுத்திக் காட்டினார். இரசாயனப் பொருளும் அவ்வாறு செய்யும் என்பதை இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் எடின்பரோவிலே சாலட் அவுபாக் என்னும் அம்மையாரும் ரொப்சன் என்பாரும் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது கடுகு வாயு என்னும் போர் நஞ்சு. அதனால் வந்த புண்கள் எக்சுக்கதிர்ப் புண்களை ஒத்திருந்தமையே ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. போர்க்கால இரகசியம் கருதி அம்முடிவுகள் 1946 வரை வெளியாகவில்லை.

ஆயினும் ஈக்களையோ எலிகளையோ கொண்டு பல்லாயிரம் பொருள்களைச் சோதிப்பது எளிதன்று. எலிகளிற் புற்றுநோய்ச் சோதனை முடிய ஆண்டுகள் செல்லும். பெருஞ்செலவும் ஆகும். இத்தடையை நீக்கியவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூசு ஏமிசு. 1970 களில் அவர் வகுத்த முறை இரண்டு நாளில் விடை தருவது.

ஏமிசு சோதனை

சல்மொனெல்லா என்னும் பற்றீரியா தனக்கு வேண்டிய இசுத்திடீன் என்னும் அமினோவமிலத்தைத் தானே ஆக்கவல்லது. ஏமிசு தேர்ந்த குலவகைகளிலோ அதற்குரிய பரம்பரையலகில் ஏற்கெனவே ஒரு பிழை உண்டு. ஆதலால் இசுத்திடீன் இல்லாத ஊடகத்தில் அவை வளரமாட்டா. ஊறுசெய்யும் பொருள் ஒன்று அவற்றின் டி. என். ஏ. யைத் தாக்கும்போது, தற்செயலாகச் சிலவற்றில் அப்பழைய பிழை நீங்கிப் பழைய ஆற்றல் மீளும். அவ்வாறு மீண்டவை மட்டும் பெருகிக் கண்ணாற் காணத்தக்க குடியிருப்புக்களாகும். எனவே இச்சோதனை புதிய பிழைகளை நேரே தேடுவதன்று. பிழைபட்ட வாக்கியம் எத்தனை இடங்களில் மீண்டும் பொருள் தரலாயிற்று என்று எண்ணுவது.

செய்முறை வருமாறு. ஏறத்தாழ 10 கோடி பற்றீரியாக்களைச் சோதிக்கப்படும் பொருளுடன் கலந்து ஏகார் ஊடகத்தின் மேல் ஊற்றுவர். 37 பாகை வெப்பநிலையில் 48 மணி நேரம் வைத்துக் குடியிருப்புக்களை எண்ணுவர். பொருள் எதுவும் சேராத கிண்ணத்திலும் சில குடியிருப்புக்கள் தாமாகவே தோன்றும். அதனோடு ஒப்பிட்டே முடிவு கூறல் வேண்டும். அளவு கூடக்கூடக் குடியிருப்புக்களும் கூடி, கட்டுப்பாட்டுக் கிண்ணத்தினும் இருமடங்கு அல்லது மேற்பட்டுவிடின், அப்பொருளை விகாரி என்று பொதுவாகக் கொள்வர். மாற்றீட்டுப் பிழையை அறிய ஒரு குலவகையும், சட்டம் பெயர்ந்த பிழையை அறிய வேறொன்றும் வேண்டும். ஆகையால் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட விதிமுறையின்படி குறைந்தது ஐந்து குலவகைகளும் ஐந்து செறிவுகளும் பயன்படுத்தப்படும். கலச்சுவர் எளிதில் இடங்கொடுக்கவும், பிழைதிருத்தும் ஆற்றல் குன்றவும் இக்குலவகைகள் மாற்றப்பட்டிருத்தலின் சிறு தாக்கமும் தப்பாது வெளிப்படும்.

இங்கு நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. சில பொருள்கள் தம்மளவில் தீங்கற்றவை. உடம்பினுட் புகுந்து ஈரலின் நொதியங்களால் மாற்றமடைந்த பின்னரே அவை டி. என். ஏ. யைத் தாக்கும். பற்றீரியாவுக்கோ ஈரல் இல்லை. எனவே எலியின் ஈரலை அரைத்து, புவியீர்ப்பைப்போல் 9000 மடங்கு விசையிற் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரித்து, அதனையும் கிண்ணத்திற் சேர்ப்பர். ஈரல் நீருடன் ஒரு முறையும் அஃதின்றி ஒரு முறையுமாக ஒவ்வொரு சோதனையும் நடைபெறும்.

இச்சோதனையின் பயனை உலகம் விரைவில் உணர்ந்தது. குழந்தைகளின் இராவுடை தீப்பற்றாதிருத்தற் பொருட்டு அமெரிக்காவில் அதிலே தோய்க்கப்பட்ட திரிசு என்னும் இரசாயனம் விகாரி என்பதை 1977 இல் ஆலின் புளும் என்னும் அம்மையாரும் ஏமிசும் எடுத்துக் காட்டினர். அவ்வாண்டிலேயே அவ்வுடைகளின் விற்பனை அங்கு தடைசெய்யப்பட்டது.

வட்டாவின் பொருள்கள் கிண்ணத்தில்

இனி நமது வட்டாவுக்கு வருவோம். வெற்றிலை போடுவோரிடத்து வாய்ப்புற்று மிகுதி என்பது புதிய செய்தியன்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரிற் பணிபுரிந்த ஓர் என்னும் வைத்தியர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933 இல் இலண்டன் வைத்திய இதழொன்றில் எழுதினார். ஆனால் வட்டாவிலுள்ள நான்கினுள் குற்றவாளி எது? பலர் புகையிலையையே சுட்டினர். உலகச் சுகாதாரத் தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகமும் 1985 இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டையே புற்றூட்டுவதென உறுதியாகக் கூறிற்று. புகையிலை சேராத கூட்டுக்குப் போதிய சான்று அன்று இல்லை.

அக்காலத்திலே பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் பிடே அம்மையாரும் அவர்தம் குழுவினரும் வட்டாவின் பொருள்களைத் தனித்தனியே சோதித்தனர். 1983 இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, ஏமிசு சோதனையிற் பாக்கின் சாறு விகாரத்தை உண்டாக்கிற்று. பாக்கிலுள்ள அரிக்கொலீன் என்னும் அல்கலொயிட்டும் அவ்வாறே செய்தது. வெற்றிலைச் சாறோ விகாரத்தை உண்டாக்கவில்லை. வெற்றிலையிலுள்ள ஒரு பொருள் வேறு சில விகாரிகளின் செயலைத் தடுக்கக் கூடியது என்பதையும் அக்குழுவினர் பின்னர்க் கண்டனர். வட்டாவுக்குப் பெயர் தந்த வெற்றிலை பெரும்பாலும் குற்றமற்றது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாக்கே ஐயத்துக்குரியது.

சுண்ணாம்பின் பங்கும் அறியத்தக்கது. சிப்பி சுட்டு நீற்றிய சுண்ணாம்பு பாக்குடன் சேரும்போது வாயின் காரத்தன்மை மிகும். அந்நிலையிற் பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் ஒட்சிசனுடன் தாக்கமுற்று ஐதரசன் பேரொட்சைட்டு முதலியவற்றை வெளிப்படுத்தும். இவை டி. என். ஏ. யின் எழுத்துக்களை அரிக்க வல்லன. அன்றியும் பாக்கின் அல்கலொயிட்டுக்கள் உமிழ்நீரிலுள்ள நைத்திரைற்றுடன் கூடி நைத்திரசமைன்கள் என்னும் புற்றூட்டிகளாகவும் மாறும். எனவே வாயே ஓர் ஆய்வுகூடம்; மென்று அடக்கி வைத்திருப்பவர் நாள்தோறும் அதிலே தாக்கம் நடத்துகின்றார் எனலாம்.

நிறமூர்த்தமும் நுண்கருவும்

பற்றீரியாவிற் கண்டதை மனிதர்க்கு ஏற்றிக் கூறலாமோ எனின், கூடாது. ஆதலின் அடுத்த படியாக உயர்பிராணிகளின் கலங்களை ஆராய்வர். பிரிவடையும் கலங்களைக் கொல்சிசீன் கொண்டு நடுவழியில் நிறுத்தினால் நிறமூர்த்தங்கள் தெளிவாகத் தோன்றும். உடைவும் ஒட்டும் கண்ணுக்குப் புலனாகும். நம்மூர் வேலிகளிற் படரும் கார்த்திகைப் பூவின் கிழங்கு நஞ்சாவதும் இக்கொல்சிசீனாலேயே. 1982 இல் புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துப் பாணிக்கிராகியும் ராவும் சுண்டெலிகளுக்கு அரிக்கொலீன் கொடுத்து, அவற்றின் என்புமச்சைக் கலங்களில் நிறமூர்த்தங்கள் உடைவதைக் கண்டனர்.

உடைந்த துண்டு கலப்பிரிவின்போது முதற் கருவினுட் சேராது தனியே நின்றுவிடுமாயின், அதனைச் சுற்றிச் சிறு உறை தோன்றி அது நுண்கருவாகும். கனடாவின் வன்கூவர் நகரத்து ஆராய்ச்சியாளர் ஆன்சு சுடிச்சு இதனை மனிதரின் வாயிலேயே தேட வழி கண்டார். கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டிப் பெறும் கலங்களை நிறமூட்டி, ஆயிரக்கணக்கில் நுணுக்குக்காட்டியில் எண்ணுவதே அவ்வழி. ஊசி வேண்டா, நோவு இல்லை. கன்னத்தின் அடிப்படையிற் பிரிந்த கலம் மேற்பரப்பை அடைய ஒன்று முதல் மூன்று வாரம் செல்லும். ஆகவே இன்று சுரண்டிய கலம் சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்த ஊறுக்குச் சாட்சி சொல்கின்றது. வெற்றிலைக் கூட்டு மெல்லுவோரின் வாய்க்கலங்களில் நுண்கருக்கள் மிகுந்திருப்பதை 1980 களில் அவர் குழுவினர் பிலிப்பைன்சு, இந்தியா ஆகிய நாடுகளிற் கண்டனர்.

மற்றொன்று வால்வெள்ளிச் சோதனை. கலங்களை மெல்லிய ஏகாரோசுப் படலத்திற் பதித்து, உறையைக் கரைத்து, மின்புலத்தில் வைப்பர். முழுமையான டி. என். ஏ. இருந்தவிடத்தே இருக்கும், உடைந்த துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி ஓடும். ஒளிரும் சாயம் ஊட்டிப் பார்த்தால் தலையும் வாலுமாக வால்வெள்ளி போலத் தோன்றும். வால் நீளும் அளவே ஊறின் அளவு. 1984 இல் சுவீடனில் தோன்றிய இம்முறையை, 1988 இல் நரேந்திர சிங் முதலியோர் காரக் கரைசலைக் கொண்டு இன்னும் நுண்ணியதாக்கினர்.

இச்சான்றுகளோடு, புகையிலை சேர்க்காது பாக்கு மெல்லும் மக்களிடையே நடந்த நோயாய்வுகளும் சேர்ந்தன. 2004 இல் வெளிவந்த நூலில், முன் சொன்ன முகவரகம் புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தானும் மனிதரிடத்துப் புற்றூட்டுவன என்று முதலாம் வகுப்பில் வைத்தது.

சோதனைகளின் எல்லை

ஒரு சோதனையின் வலிமையை மட்டும் கூறி அதன் எல்லையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. வெங்காயத்திலுள்ள குவெர்செற்றின் என்னும் பொருள் ஏமிசு சோதனையில் விகாரியாகத் தோன்றுகின்றது. ஆயினும் அது மனிதர்க்குப் புற்றூட்டும் என்று வகுக்கப்படவில்லை. மறுபுறம், டி. என். ஏ. யை நேரே தாக்காமலே புற்றை வளர்க்கும் பொருள்களும் உள. அவற்றை இச்சோதனை காட்டாது.

அரிக்கொலீன் தனித்து நின்றபோது 2020 இல் ‘புற்றூட்டக்கூடும்’ என்னும் தாழ்ந்த வகுப்பிலேயே வைக்கப்பட்டது. முழுப் பாக்கோ முதலாம் வகுப்பில் நிற்கின்றது. இது முரணன்று. மனிதர் மென்றது முழுப் பாக்கை. ஆதலால் மனிதரிடத்துப் பெற்ற சான்று முழுப் பாக்குக்கே உரியது. மேலும் இவ்வகுப்புக்கள் சான்றின் உறுதியைக் குறிப்பன. நஞ்சின் கடுமையைக் குறிப்பனவல்ல.

இன்னுமொரு பாடம். சுடிச்சு குழுவினர், வெற்றிலை மெல்லுவோர்க்கு உயிர்ச்சத்து ஏ யும் பீற்றா கரொட்டீனும் மூன்று மாதம் கொடுத்தபோது, மெல்லுதல் தொடர்ந்தும் நுண்கருக்கள் குறைந்தன என்று 1984 இல் அறிவித்தனர். அங்ஙனமாயின் குளிகை விழுங்கிக்கொண்டே வெற்றிலை போடலாமே என்று தோன்றும். ஆனால் பின்லாந்தில் 29,000 க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடையே நடந்த பெருஞ்சோதனையில், பீற்றா கரொட்டீன் பெற்றவர்களிடம் சுவாசப்பைப் புற்று குறையவில்லை. கூடியதே 1994 இல் வெளியான முடிவு. அடையாளம் ஒன்று குறைவதாலேயே நோய் குறைந்துவிடும் என்று துணிதல் தவறு.

மாணவனுக்கு விடை

இப்போது அம்மாணவனின் கேள்விக்கு வருகின்றேன். தம்பி, சோதனைகள் கூறுவது, பாக்கு டி. என். ஏ. யைத் தாக்கவல்லது என்பதையே. இன்னார்க்கு இன்ன ஆண்டிற் புற்று வரும் என்பதையன்று. ஒவ்வொரு வாய் வெற்றிலையும் ஓர் அதிட்டச் சீட்டு. பெரும்பாலான பிழைகளை உடம்பு திருத்திவிடுகின்றது. சில தப்பும். உன் அப்பப்பா எழுபது ஆண்டு சீட்டு வாங்கினார், அவருக்கு விழவில்லை. அதனால் சீட்டிழுப்பே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நம் நாட்டு ஆண்களிடையே முன்னிற்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றும் ஒன்று. சீட்டு விழுந்தவர்களைக் காண வேண்டின் வைத்தியசாலைக்குச் செல்.

நம் கல்லூரிகள் இதனைக் கேட்டறிவதோடு நில்லாது செய்துபார்க்கவுங் கூடும். 1938 இல் ஆல்பேட் லெவான் என்பார் கொல்சிசீனின் செயலை ஆராயக் கையாண்ட வெங்காய வேர்ச் சோதனைக்குப் பெருஞ்செலவில்லை. சிறு வெங்காயத்தின் அடி நீரிற் படுமாறு வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர்விடும். ஒரு தொகுதியைத் தூய நீரிலும், மற்றவற்றைப் பாக்குச் சாற்றின் வெவ்வேறு செறிவுகளிலும் வைக்க. வேர்நுனியை வெட்டி, அசற்றிக்கமிலமும் அற்ககோலும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்த கரைசலிற் பதப்படுத்தி, ஆசிரியர் மேற்பார்வையில் ஐதரோகுளோரிக்கமிலத்தில் மென்மையாக்கி, அசற்றோகார்மினால் நிறமூட்டி நசுக்கிப் பார்த்தால் வெங்காயத்தின் 16 நிறமூர்த்தங்களும் தோன்றும். எது எந்தத் தொகுதி என்பதை எண்ணுபவர் அறியாதவாறு வில்லைகளுக்குக் குறியெண் இடல் வேண்டும். இல்லையேல் மனம் விரும்பியதையே கண் காணும். வாவி நீரையும், வயல் வாய்க்கால் நீரையும் இவ்வாறே ஒப்பிடலாம். இதனால் மனிதர்க்குத் தீங்கு என்று முடிவு கட்டல் ஆகாது. ஆயினும் முடிவு எவ்வாறு பெறப்படுகின்றது என்பதை மாணவர் தம் கையால் அறிவர்.

புகையிலை சேர்ந்த மெல்லுபொருள்களின் விற்பனையை இலங்கை அரசு 2016 இல் தடைசெய்தது. பாக்கோ நம் முற்றத்தில் நிற்கும் மரத்திலிருந்து வருவது; அதற்குச் சட்டம் காவலாகாது, அறிவே காவல். வாயில் வெண்படையோ செம்படையோ ஆறாப் புண்ணோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்குமாயின், நோவில்லை என்று எண்ணி இராது வைத்தியரிடம் காட்டுக.

என் தாயார் பாக்கையும் புகையிலையையும் விட்டு ஓராண்டாயிற்று. இறுகிய வாய் மீண்டும் விரியவில்லை. வட்டாவை அவர் விடவில்லை. நாள்தோறும் துலக்கி, வெற்றிலையை மட்டும் அடுக்கித் திண்ணையில் வைக்கின்றார். வந்தவர்கள், “பாக்கு எங்க?” என்று கேட்கின்றனர். அவர் என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே செல்கின்றார். நான் இக்கட்டுரையிற் கூறியவற்றை அவர்களுக்கும் கூறுகின்றேன்.